ராயப்பராஜ் எழுதிக்கொடுத்த மூன்று சீட்டு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாடிப்படி ஏறினால் முதல் கதவு 'லூர்து சிஸ்டம்ஸ்'. முதலாளி, மெக்கானிக், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாம் ஒரே நபர்தான். மரியநாதபுரத்து ராயப்பராஜ், வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார். இத்தனை வருஷத்தில் "நான்தான் கெடுத்தேன்" என்று ஒத்துக்கொண்டு ஒரு ஜீவன்கூட அந்தப் படியேறியதில்லை. நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, நான் எதையும் தொடவே இல்லை என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். கீபோர்டில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டு வந்த வக்கீல் குமாஸ்தாவும் சத்தியம் பண்ணாத குறையாக இதையே சொன்னார். உள்ளே கிடந்த முருங்கைக்காய்த் துண்டு மட்டும் மறுத்துப் பேசியது.

இப்படிப்பட்ட மனிதர்களோடு புழங்கிப் புழங்கி ராயப்பராஜும் ஒரு வைத்தியராகிவிட்டார். எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவரிடம் மூன்று மருந்து உண்டு. முதலில் அணைத்துப் போடுவார். அது கேட்காவிட்டால் உள்ளே இருக்கிற மெமரிப் பட்டையைப் பிடுங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கிற ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகுவார். அதற்கும் கேட்காவிட்டால் டிரைவரை மாற்றுவார். டிரைவர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. படம் காட்டுகிற பாகம், சத்தம் போடுகிற பாகம், அச்சடிக்கிற பாகம் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேச்சு எடுத்துச் சொல்கிற சின்னப் புரோகிராம். அது உளறினால் திரை முழுக்க நீலமாகி எல்லாம் நின்றுபோகும். நீலத்தில் அந்த டிரைவரின் பெயரும் பொடி எழுத்தில் வரும். ராயப்பராஜ் அந்தப் பெயரைப் படிப்பார், டிரைவரை மாற்றுவார், போவார்.

மூன்று மருந்தும் பலிக்காதபோது நான்காவதாக ஒன்று வைத்திருந்தார். சீட்டில் 'ஆபரேட்டர் மிஸ்டேக்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது. இதற்கு உதிரிபாகம் வாங்க வேண்டாம், யாரும் கியாரண்டி கேட்க மாட்டார்கள். வீட்டிலும் இதே வைத்தியம்தான். அவர் மனைவி ஜோஸ்பின் டீச்சரின் லேப்டாப் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல், "நீ கண்டதை அமுக்குற" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிட உட்காருவார். டீச்சர் அவரை முறைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. நேரம் தவறாதவர். திங்கள் பழனி, செவ்வாய் வேடசந்தூர்ப் பக்கத்து மில்கள், புதன் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிகள், வியாழன் நத்தம், வெள்ளி மறுபடி வேடசந்தூர் மில்கள். மழை வந்தாலும் மந்திரி வந்தாலும் இந்த வரிசை மாறாது. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமைதான் ஒரு பெண்ணை மூன்று மாசம் படாத பாடு படுத்தியது.

வேடசந்தூரைத் தாண்டி ஒரு நூல் மில். அங்கே வருஷ ஒப்பந்தம் ராயப்பராஜுக்குத்தான். போன தை மாசம் மில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து இரண்டு மெமரிப் பட்டையை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். மேனேஜர் பழனிக்குமாருக்கு ரோஷம் வந்துவிட்டது. திண்டுக்கல்காரருக்கு ரோஷம் வந்தால் போலீசுக்குப் போக மாட்டார், பூட்டு வாங்கப் போவார். பழனிக்குமார் அதற்கும் ஒருபடி மேலே போய், பணப்பெட்டி செய்கிற பட்டறையில் சொல்லி, கம்ப்யூட்டருக்கு அளவெடுத்து ஓர் இரும்புப் பெட்டியே அடித்துக்கொண்டு வந்தார். நாலு பக்கமும் கனத்த தகடு. ஸ்விட்சை அமுக்க ஒரு விரல் நுழைகிற ஓட்டை, பின்னால் வயர் போக இன்னோர் ஓட்டை. வயர் ஓட்டை வழியாக எலி வருமாம், அதிலும் துணியைத் திணித்துவிட்டார். திரையும் கீபோர்டும் மேஜைமேல் வெளியே இருந்தன. கம்ப்யூட்டர் மட்டும் உள்ளே ஆயுள் தண்டனைக் கைதி.

பணப்பெட்டிப் பட்டறையில் செய்ததால் அதற்குப் பணப்பெட்டிக்கு உண்டான மரியாதையும் சேர்ந்துகொண்டது. நல்ல நாள் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சாவியை முதலாளி நல்லுசாமியின் வீட்டுச் சாமி அறையில் கல்லாச் சாவியோடு சேர்த்து வைத்தார்கள். நல்லுசாமிக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம், இப்போது குடியிருப்பது திண்டுக்கல்லில். அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் லட்சுமியை வெளியே அனுப்புகிற வழக்கமில்லை. பணம் தர மாட்டார்கள், உப்பு தர மாட்டார்கள், சாவியும் தர மாட்டார்கள் என்றார் பழனிக்குமார். ராயப்பராஜ் மில்லுக்குப் போவதோ செவ்வாயும் வெள்ளியும்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாவி கேட்டார், இல்லை என்றார்கள். அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டார், அதே பதில். தவக்காலத்து வெள்ளியில் கறி தொடாத மனிதர் அவர், அடுத்தவர் ஆசாரத்தில் தலையிடுவாரா? மூன்றாவது தடவை கேட்கவே இல்லை. புதன்கிழமை வந்தால் என்ன என்று அவருக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. புதன்தான் ஒட்டன்சத்திரம் ஆயிற்றே.

இனி தமிழ்மதி. வயது இருபத்துநாலு, பக்கத்துக் கிராமம். மூன்று வருஷம் அதே மில்லில் நூல் மெஷினில் நின்றவள். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே தபாலில் டிகிரி முடித்து, ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை வாங்கினாள். ஷிப்டுக்கு வருகிற பெண்களின் வருகையைப் பதிகிற வேலை. அவள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான். ஒரு வருஷம் சோதனைக் காலம், குறை சொல்ல ஒன்றுமில்லை என்றால் நிரந்தரம். குறை இருந்தால் வெளியே தள்ள மாட்டார்கள், அவ்வளவு கொடுமைக்காரர்கள் இல்லை. மறுபடி மெஷினுக்கு அனுப்புவார்கள்.

வெயில் ஏறிய பங்குனியில் கம்ப்யூட்டர் படுக்க ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்குக் கிளார்க் முனியப்பன் அதைப் போட்டு, கேட் வாட்ச்மேனுக்குக் கொடுக்கிற ஆள் லிஸ்ட் ஒன்றை அடித்து எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவார். அதுவரை அது தங்கக் கம்பி. பத்து மணிக்குத் தமிழ்மதி உட்காருவாள். ஒரு மணி சுமாருக்குத் திரை நீலமாகும், பதிந்ததெல்லாம் போகும். ஒருநாள் ஒரு ஷிப்டு முழுக்க ஆப்சென்ட் ஆகிவிட, நாற்பது பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று அவளைத்தான் திட்டினார்கள். முனியப்பன் கையில் படுக்காத கம்ப்யூட்டர் இவள் கையில் மட்டும் ஏன் படுக்கிறது என்று பழனிக்குமார் கேட்டார். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். கைராசி சரியில்லையாம்.

ராயப்பராஜ் மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் காலை ஒன்பது மணி. முந்தின நாள் மத்தியானமே படுத்து, ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்த கம்ப்யூட்டர் அவருக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. நீலத்திரையில் படம் காட்டுகிற பாகத்தின் டிரைவர் பெயர் வந்ததாகத் தமிழ்மதி எழுதி வைத்திருந்தாள். முதல் தடவை புது டிரைவர் போட்டார், இரண்டாம் தடவை அதை எடுத்துவிட்டுப் பழைய டிரைவர் போட்டார், மூன்றாம் தடவை மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தார், டீ குடித்தார். அப்புறம் ஏன் படுக்கிறது என்று பழனிக்குமார் கேட்டபோது, தெரியவில்லை என்று சொல்ல இருபத்திரண்டு வருஷ அனுபவம் இடம் கொடுக்கவில்லை. மூன்று தேதியில் மூன்று சீட்டு எழுதினார். கம்ப்யூட்டரில் குறையில்லை, ஆபரேட்டர் மிஸ்டேக். கையெழுத்து, முத்திரை. அந்தப் பெண் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்ப்பதற்காக ராயப்பராஜ் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். தமிழ்மதி படியேறி வந்தாள். கையில் ஒரு நோட்டு. சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று அவர் குரலைத் தயார் பண்ணிக்கொண்டார். அவள் சண்டை பிடிக்கவில்லை. நாளைக்கு முதலாளி மில்லுக்கு வருகிறார், தன்னை மெஷினுக்கு அனுப்புவதை நாளைக்குத்தான் முடிவு பண்ணப்போகிறார் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, நீங்க எழுதிக்குடுத்த சீட்டுல மூணு தடவ ஆபரேட்டர் மிஸ்டேக்னு இருக்கு. நான் என்ன மிஸ்டேக் பண்றேன்னு சொன்னீங்கன்னா, அதப் பண்ணாம இருந்துக்குவேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் நான் பண்ணவில்லை என்றுதான் அடித்துச் சொன்னார்கள். இவள் ஒத்துக்கொள்ளத் தயாராக வந்து நிற்கிறாள், என்னவென்று சொன்னால் போதுமாம். நோட்டைக் கொடு என்று வாங்கிக்கொண்டார், வேறென்ன செய்வது.

நோட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தாள். தேதி. படுத்த நேரம். அப்போது செய்துகொண்டிருந்த வேலை. கரண்ட் போனதா. மழை பெய்ததா. இதுவரைக்கும் எந்த மெக்கானிக்கும் பாராட்டுவான். அதற்கப்புறமும் கட்டங்கள் இருந்தன. என்ன நிறச் சேலை. தலைக்குக் குளித்தேனா. எந்தக் கால் வைத்து ஆபீசுக்குள் போனேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே இல்லை, மாசத்தில் மூன்று நாள் மட்டும் புள்ளி வைத்திருந்தாள். அது என்னவென்று ராயப்பராஜ் கேட்கவில்லை. புரிந்தது. புரிந்ததும் அவருக்குக் காது சுட்டது.

கண்ணை முதல் கட்டங்களுக்கு இழுத்துக்கொண்டு வந்து மறுபடி படித்தார். மழை பெய்த நாளில் ஒருதரம்கூடப் படுக்கவில்லை. பதினோரு மணிக்குக் கரண்ட் போய் ஒரு மணி நேரம் அணைந்து கிடந்த நாளிலும் படுக்கவில்லை. கொளுத்துகிற நாளில், ஐந்து மணி நேரம் விடாமல் ஓடினால், ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே படுத்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இருபத்திரண்டு வருஷ அனுபவம் தேவையில்லை, இட்லி அவித்த அனுபவம் போதும். நாலு பக்கமும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் அது வெந்துகொண்டிருக்கிறது. வெந்துபோய் முதலில் தடுமாறுவது படம் காட்டுகிற பாகம். அதனால் நீலத்தில் அதன் டிரைவர் பெயர் வந்தது. விழுகிற நேரத்தில் யார் பெயர் தெரிகிறதோ அவன்தான் குற்றவாளி என்று இவரும் எழுதிவிட்டார். திரையில் தெரிந்தது டிரைவர் பெயர், நாற்காலியில் தெரிந்தது தமிழ்மதி.

"நாளைக்கு நான் வாரேன்" என்றார். நாளைக்குத் திங்கள்கிழமையாச்சே, நீங்கள் பழனிக்கல்லவா போவீர்கள் என்று அவள் கேட்டாள். அவருடைய கால அட்டவணை மில் முழுக்க அவ்வளவு பிரசித்தம்.

திங்கள் காலையில் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றார். முதலாளியம்மா சாவியை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்கா வீடு தேடி வந்தீங்க? பூட்டோட ரெண்டு சாவி குடுத்தாகளே, இன்னொண்ணு பழனிக்குமார் மேஜையிலதான இருக்கு?" என்றார். ராயப்பராஜுக்கு ஸ்கூட்டரை அங்கேயே சாய்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

போகிற வழியெல்லாம் மனசு ஒரு பொய்யைத் தீட்டிக்கொண்டே வந்தது. பாகம் நேற்றுத்தான் கெட்டது, அதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் சரிதான் என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணும் தப்பிப்பாள், இவரும் தப்பிப்பார், ஒப்பந்தமும் தப்பிக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். பழைய சீட்டு மூன்றும் அவளுடைய பைலில் அப்படியே கிடக்கும், அவ்வளவுதானே. வேடசந்தூர் வருவதற்குள் அந்தப் பொய் பாதி உண்மையாகவே ஆகிவிட்டது.

மில்லில் அவர் பெட்டியைத் திறக்கவில்லை. தமிழ்மதியின் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அவளைக் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லி, வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களைப் படிக்கச் சொன்னார், தானே பதிந்தார். பழனிக்குமார் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டு ஏசி அறைக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு நல்லுசாமி வந்து சேர்ந்தார். செத்த நேரம் பொறுங்க முதலாளி என்று அவரையும் உட்காரவைத்தார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ராயப்பராஜின் பத்து விரலும் கீபோர்டில் இருக்க, திரை நீலமானது. இருபத்திரண்டு வருஷ ராசியான கை.

அப்புறம்தான் பூட்டைத் திறந்தார். கதவைத் திறந்ததும் அடித்த அனலில் நல்லுசாமி ஒரு அடி பின்னால் போனார். காற்றை வெளியே தள்ள வேண்டிய ஃபேனில் மில் பஞ்சு அடைந்து கம்பளியாகப் படிந்து, ஃபேன் சுற்றுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது. பூஜையன்று வைத்த சந்தனமும் காய்ந்து கருகியிருந்தது. பஞ்சைப் பிடுங்கி, வேறு ஃபேன் மாட்டி, கதவைத் திறந்தபடியே விட்டு, தமிழ்மதியை உட்காரச் சொன்னார். வெளியே வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. நாலரை மணி வரைக்கும் அவள் பதிந்தாள், கம்ப்யூட்டர் முனகக்கூட இல்லை. இன்னொரு சாவி மேஜைக்குள்ளேயே இருந்ததாமே என்று முதலாளி கேட்டதற்கு, அது அவசரத்துக்கு வைத்தது என்று பழனிக்குமார் பதில் சொன்னார்.

நல்லுசாமி பைலைப் புரட்டி மூன்று சீட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"ஏனுங்க ராயப்பரே, அப்ப இதுல நீங்க எழுதுனது என்னங்க?"

வழியில் தீட்டிய பொய் நாக்கு நுனியில் பளபளவென்று தயாராக இருந்தது. தமிழ்மதி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அந்தத் தலைப்பில்லாத கட்டம் ராயப்பராஜுக்கு ஞாபகம் வந்தது. ஒரு பொட்டப்புள்ளையை இதையெல்லாம் எழுத வைத்தது நான்தான் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, தன் மேலேயே.

"பெட்டியத் தொறந்து பாக்காம எழுதுனதுங்க, மொதலாளி. மிஸ்டேக் இந்தப் புள்ள மேல இல்ல. என் மேல."

சொல்லி முடித்ததும் பழனிக்குமார் முகத்தில் எவ்வளவு நிம்மதி! பழி விழ ஒரு தலை கிடைத்துவிட்டது. நல்லுசாமி கோபப்படவில்லை. அவர் ஊர்ப் பக்கத்து மனிதர்கள் மரியாதை குறையாமலே கதவைச் சாத்துவார்கள். ஒட்டன்சத்திரத்தில் நம்ம பையன் ஒருத்தன் புதுசாகக் கடை போட்டிருக்கிறானுங்க, இனி அவனே வந்து பார்த்துக்குவானுங்க என்றார். பெட்டியில் நாலு பக்கமும் ஓட்டை போட்டுவிட்டு, பூட்டு அப்படியே இருக்கட்டும் என்று பழனிக்குமாருக்கு உத்தரவு போட்டார். தமிழ்மதியைப் பார்த்து, நீ உன் நாற்காலியிலேயே இரு சாமி என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

ராயப்பராஜ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தமிழ்மதி அவரை நிறுத்தினாள். மூன்று சீட்டு என் பைலில் இருக்கிறது, நாளைக்கு முதலாளி மறந்துபோவார், பைல் மறக்காது என்றாள். ஒரு தேதிக்கு ஒரு சீட்டு எழுதிக் கேட்டாள். அவர் மறுபடி உட்கார்ந்து எழுதினார். கம்ப்யூட்டரில் குறை இருந்தது, ஆபரேட்டர் மேல் தப்பில்லை, பழுது பார்த்தவர் சரியாகப் பார்க்கவில்லை. கையெழுத்து, முத்திரை. ஒரே வாக்கியத்தை மூன்று தடவை எழுதுவது இத்தனை கனமான வேலை என்று போன மூன்று தடவையும் அவருக்குத் தெரியவே இல்லை. அவள் ஒவ்வொன்றையும் வாங்கித் தேதியைச் சரிபார்த்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை.

"பழனிக்குமார் சார் கைராசின்னு சொன்னப்ப நான் நம்பல அண்ணே, அவரு எப்பவும் அப்படித்தான். நீங்க படிச்சவரு, முத்திரை குத்திக் குடுத்தீங்க. அப்பறந்தான் நானும் நம்ப ஆரம்பிச்சேன். வீட்டுல தம்பி போனக்கூட மூணு மாசமா நான் தொடல, கெட்டுப்போயிரும்னு."

ராயப்பராஜ் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அது போதாது என்று கேட்கும்போதே அவருக்குத் தெரிந்தது. வேறு எதையும் சரிபண்ண அவர் கையில் கருவி இல்லை.